பல்லால் உரித்த ஒயர்

மாப்பிள்ளையின் உள்ளங்கையில் ஸ்குரூடிரைவர் இறங்கிய நேரத்தில், ஆலை மேலாளர் பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கிவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். “இந்த வளாகத்தில் ஒரு துளி ரத்தம்கூட…” என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக இடம் விட்டார். விட்ட இடத்தில் ஓர் அலறல் வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் திரும்பினார்கள். பழைய அட்டைப் பெட்டிகளை அமுக்கிக் கட்டாக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், அதை ஓட்டும் மாப்பிள்ளை இடது கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். உள்ளங்கையில் புகுந்த ஸ்குரூடிரைவரின் முனை புறங்கையில் எட்டிப் பார்த்தது. மஞ்சள் கைப்பிடி இந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே அந்தக் கைப்பிடியின் சொந்தக்காரன், ஆலையின் எலெக்ட்ரீஷியன், “இன்னொரு கையையும் நீட்டுடா, ஜோடியா இருக்கட்டும்” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எலெக்ட்ரீஷியனுக்கு ஆலையில் ஷாக் என்று பெயர். கரண்டு வேலை பார்ப்பதால் வந்த பெயரல்ல. தொட்டால் அடிப்பான், முன்னறிவிப்பு கிடையாது, அதனால் வந்தது. அவனுடைய தங்கையைக் கட்டியவன்தான் இயந்திரம் ஓட்டுபவன். ஷாக் அவனை வாய் நிறைய ‘மாப்ள, மாப்ள’ என்று கூப்பிட்ட நல்ல காலம் ஒன்று இருந்தது. கேட்டுக் கேட்டு ஆலை முழுவதும் அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. பிரியம் போன பிறகும் பெயர் போகவில்லை.

தங்கையும் அதே ஆலையில்தான், ஓடும் பெல்ட்டின் அருகே நின்று குப்பையிலிருந்து அட்டையைப் பிரிக்கிறாள். அன்று காலை ஒரு கண் மூடிப்போய் வந்திருந்தாள்.

“கதவுல இடிச்சிக்கிட்டேண்ணே.”

“கதவு மோதிரம் போட்டிருந்துச்சா? கன்னத்துல அச்சு விழுந்திருக்கு.”

ஷாக் நேராக மாப்பிள்ளையிடம் போனான். மாப்பிள்ளை சிரித்தான். “உன் தங்கச்சிக்கு லோடு ஜாஸ்தி மச்சான். அதான் ஃபியூஸப் புடுங்கி வெச்சேன்” என்றான். எலெக்ட்ரீஷியனிடம் எலெக்ட்ரிகல் ஜோக் அடிப்பது எப்போதுமே ஆபத்து.

மேலாளருக்குத் தலைமையுரை என்று பெயர். குடிநீர்க் குழாய் மாற்றினாலும் பேசுவார், குழாய் ஒழுகினாலும் பேசுவார். ஆலை வாசலில் ‘விபத்தே இல்லாத ஆலை’ என்று ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார். குத்து என்று சொன்னால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பலகை போய்விடும். மாப்பிள்ளைக்கும் போலீஸ் வேண்டாம், கண்ணைப் பற்றிக் கேட்பார்கள். எனவே தலைமையுரை நன்றாக யோசித்து, நடந்ததற்குக் காரணம் ஸ்குரூடிரைவர்தான் என்று கண்டுபிடித்துத் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார். குத்தியவன் அதன் மறுமுனையில் தற்செயலாக இருந்தவன்.

இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கச் சொன்னார். மாப்பிள்ளை வீம்புக்குக் கட்டுப் போட்ட இடது கையை நீட்டினான். ஷாக் அதை மனதாரக் குலுக்கினான். கட்டு சிவந்தது.

“இந்த நட்பு நீடிக்க வேண்டும்” என்றார் தலைமையுரை.

அடுத்த வாரம் ஒரு விற்பனைப் பிரதிநிதி, கழுத்தை நெரிக்கும் டையோடு வந்தார். கண்ட்ரோல் பேனலில் ஒயர்களை இணைக்கும் டெர்மினல்களைக் கொண்டுவந்திருந்தார். சாம்பல் நிறத்தில், சீட்டுக்கட்டு அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கும். பழைய வகையில் ஒயரை வைத்துத் திருகாணியை முறுக்க வேண்டும். இதில் திருகாணியே கிடையாது. ஒயரின் நுனியைத் துளையில் தள்ளினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் ‘டிக்’ என்று கவ்விக்கொள்ளும்.

“கருவியே வேணாம் சார். விரல் போதும்.”

தலைமையுரையின் முகத்தில் விளக்கு எரிந்தது. “கருவியே வேண்டாமா?”

“சொருகறதுக்கு வேணாம், சரி” என்றான் ஷாக். “புடுங்கறதுக்கு?”

“பக்கத்துல ஒரு சின்ன பள்ளம் இருக்கு பாருங்க. அதுல ஸ்குரூடிரைவர் முனைய வெச்சு அமுக்குனா ஸ்பிரிங் வாயத் திறக்கும். ஆனா புடுங்கற அவசியமே வராது சார்.”

“அவசியமே வராது” என்று தலைமையுரை ஷாக்குக்கு மொழிபெயர்த்தார்.

அன்றே அவர் மனதில் ‘கருவியில்லா ஆலை’ பிறந்துவிட்டது. ஸ்குரூடிரைவர் குத்தியது, ஸ்குரூடிரைவர் தேவையில்லாத டெர்மினல் வந்துவிட்டது, இனி யார் யாரைக் குத்த முடியும்? மனிதர்களுக்கு முழங்கை, முட்டி, தலை, பல் எல்லாம் இருப்பது அவருடைய திட்டத்தில் வரவில்லை.

ஷாக் அந்த வாரம் முழுவதும் அட்டை அமுக்கும் இயந்திரத்தின் பேனலில் பழைய டெர்மினல்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினான். கோபக்காரன்தான், ஆனால் ஒயர் விஷயத்தில் சாது. பல இழைகள் கொண்ட ஒயரை அளவாக உரிப்பான், நுனியில் சின்னச் செப்புத் தொப்பி போட்டு நசுக்குவான், துளையில் தள்ளுவான், பிறகு ஒரு இழு இழுத்துப் பார்ப்பான். சொருகு, இழு. சொருகு, இழு. இழுக்காத ஒயர் அவன் கணக்கில் சொருகாத ஒயர். அவனிடம் வேலை பார்த்தவர்கள் வீட்டில் சட்டைப் பித்தானைக்கூட மாட்டிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள்.

திறப்புவிழா அன்று காலை, ஆலையில் இருந்த ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளையர், ஸ்பேனர், ஒயர் உரிப்பது, தொப்பி நசுக்குவது எல்லாவற்றையும் காவலாளிகள் பொறுக்கி, ஸ்டோரில் கம்பிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள். ஒன்றை மட்டும் தலைமையுரை தனியே எடுத்துவைத்தார். மாப்பிள்ளையைக் குத்தியது அது. அதற்குத் தங்க பெயிண்ட் அடித்து, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கவைத்தார். கீழே பித்தளைத் தகட்டில் ‘நாம் கடந்து வந்த காலம்’ என்றும், அதைவிடப் பெரிய எழுத்தில் தன் பெயரும்.

பேனலில் ஒரே ஒரு ஒயரைச் சொருகாமல் வைக்கச் சொல்லியிருந்தார். கடைசி ஒயரை அவர் கையால் சொருகப்போகிறார். விழா தொடங்கும் நேரத்தில் ஷாக்குக்கு ஞாபகம் வந்தது, அந்த ஒயரின் நுனி இன்னும் உரிக்கப்படவில்லை. உரிக்கிற கருவியோ கூண்டுக்குள். “கருவியில்லாமத்தானே? இந்தா” என்று எரிச்சலோடு பல்லால் கடித்து உரித்தான். கொஞ்சமாகத்தான் உரிந்தது. தொப்பியும் போடவில்லை. ‘போதும் இந்த ஆளுக்கு’ என்று விட்டுவிட்டான்.

அந்த ஒயர், அமுக்கும் இரும்புப் பலகையை மேலே தூக்கும் வால்வுக்குப் போகிறது.

தலைமையுரை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பேனலுக்குள் குனிந்தார். ஒயரைத் துளையில் தள்ளினார். போகவில்லை. இன்னும் தள்ளினார். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து உள்ளே போய், ‘டிக்’ என்றது. கைதட்டல். ஷாக்கின் கை பழக்கதோஷத்தில் அந்த ஒயரைப் பிடிக்கப் போனது. தலைமையுரை மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன பண்ற?”

“இழுத்துப் பாக்கணும் சார்.”

“நான் சொருகினதயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை எல்லோரையும்விடச் சத்தமாக, “அவனுக்கு யார் மேலயும் நம்பிக்க கிடையாது சார்” என்றான். ஷாக் கையை எடுத்துக்கொண்டான். மேலாளருக்குப் பயந்து அல்ல. இழுத்து அது கையோடு வந்தால், ‘யார்டா உரிச்சது?’ என்று கேட்பார்கள். பல்லால் உரித்ததை மாப்பிள்ளை முன்னால் சொல்ல அவனுக்கு மனமில்லை. ஆக, ஆலையிலேயே இழுத்துப் பார்க்காத ஒரே ஒயர் கௌரவமாக அங்கே நின்றது. உள்ளே ஸ்பிரிங் செப்பைக் கவ்வவில்லை, பிளாஸ்டிக்கைக் கவ்வியிருந்தது. தப்பி வெளியே நீண்ட ஒன்றிரண்டு இழைகளின் தயவில் கரண்டு போய்க்கொண்டிருந்தது.

கருவியில்லா ஆலையில் அடுத்த சண்டை கை கழுவும் இடத்தில் நடந்தது. தங்கையின் மேலுதடு கிழிந்திருந்தது. இந்த முறை கதவு, நாற்காலி என்று அவள் எதுவும் சொல்லவில்லை. ஷாக் எதுவும் கேட்கவும் இல்லை. குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பிடரியைப் பிடித்துக் குழாயின் மேல் மோதினான். பித்தளை வாய் மாப்பிள்ளையின் புருவத்தைப் பிளந்தது. மாப்பிள்ளை கையில் அகப்பட்ட ஹெல்மெட்டால் ஓங்கி அடித்தான். அதன் விளிம்பு ஷாக்கின் காதைப் பாதி கழற்றியது. இரண்டு பேரும் சோப்புத் தண்ணீரில் விழுந்து புரண்டார்கள். ஷாக் மேலே வந்ததும் முட்டியால் விலாவில் இடித்தான். மாப்பிள்ளை அவன் கட்டைவிரலைக் கடித்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், “நல்லவேளை, ஸ்குரூடிரைவர் இல்ல” என்றார்.

பிரித்துவிட்டபோது ஷாக், ஆடும் முன்பல்லிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினான்: “ஒருநாள் உன்ன அந்த மெஷினுக்குள்ள போட்டு அமுக்கி, அட்டையோட அட்டையா கட்டி லாரில ஏத்தலன்னா பாருடா! கேட்டுக்கோங்கய்யா எல்லாரும்!”

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தலைமையுரையும் மாடி ஜன்னலிலிருந்து கேட்டார்.

தங்கை வந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி. புருஷனைத்தான் அடிக்கப்போகிறாள் என்று கூட்டம் வழி விட்டது. அவள் அண்ணன் முதுகில் ஒன்று வைத்தாள். வாளி விரிசல் விட்டது.

“உன்ன யாரு கேட்டா? இங்க நீ குடுக்கற ஒவ்வொரு அடிக்கும் வீட்ல எனக்கு வட்டியோட வருது. எனக்காக அடிக்கறியாம். உன் கை அரிக்குது, அதுக்கு நான் பேரு!”

ஷாக் தொங்கிய காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை மாப்பிள்ளை புருவத்தில் பிளாஸ்டரோடு இயந்திரத்துக்கு வந்தான். மூன்று பக்கம் இரும்புச் சுவர், முன்பக்கம் கதவு, உள்ளே அட்டை. மேலேயிருந்து கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புப் பலகை இறங்கி அமுக்கும், பிறகு ஏறும். கதவைத் திறந்தால் எல்லாம் நின்றுவிட வேண்டும், அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. மாப்பிள்ளை அதில் மடித்த அட்டைத் துண்டைச் செருகி டேப் சுற்றிவைத்திருந்தான். பலகை ஏறத் தொடங்கியதுமே கதவைத் திறந்து, இடுப்புவரை உள்ளே நுழைந்து, பிதுங்கிய ஓரங்களைத் தள்ளிவிடுவான். பலகை முழுதாக ஏறும்வரை காத்திருப்பது பயந்தவன் செய்கிற வேலை என்பது அவன் எண்ணம்.

அன்று பலகை பாதி ஏறி நின்றது. அதிர்வில், அந்தக் கௌரவ ஒயரின் கடைசி இழையும் தொடர்பை விட்டிருந்தது. மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை, நுழைந்துவிட்டான். அந்த இயந்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. தூக்கிப் பிடிக்க வால்வு இல்லையென்றால் பலகை தன் எடையிலேயே, சத்தமில்லாமல், மெல்ல மெல்ல இறங்கும்.

முதுகில் ஏதோ பட்டதும் யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்து, “இருடா” என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் வார்த்தை இல்லை.

பெல்ட்டிலிருந்து முதலில் ஓடியவள் தங்கைதான். சிவப்பு எமர்ஜென்சி பட்டனில் ஓங்கி அறைந்தாள். மோட்டார் நின்றது. ஆலையே அமைதியானது. பலகை இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டனுக்கு மோட்டாரை நிறுத்தத் தெரியும். எடையை நிறுத்தத் தெரியாது.

மாப்பிள்ளையின் வலது தோளும் கையும் பலகைக்கும் அட்டைக்கும் நடுவே. முகம் வெளிப்பக்கம் திரும்பி, கன்னம் நசுங்கி, ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஈர மரம் ஒடிவதுபோல் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அது மரமில்லை. லோடுமேன்கள் லாரிக்கு வைக்கும் மரச்சட்டங்களை ஓடிப்போய் எடுத்துவந்து பலகைக்கு அடியில் நிறுத்தினார்கள். முதல் சட்டம் முனகியது, வளைந்தது, சிம்பு சிம்பாகப் பிளந்தது. இரண்டாவதை நிறுத்தினார்கள்.

அதற்குள் கூட்டத்தின் கண்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டன.

“நேத்துதான சொன்னான்?”

“சொன்னத செஞ்சிட்டான்யா. பேனலு அவன்தான மாட்டினான்?”

ஷாக் வாசலில் டீ டம்ளரோடு நின்றான். பலகைக்கு அடியில் இருக்கும் அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தான். கால் நகரவில்லை. தங்கை வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். சுடு டீ அவன் காலில் கொட்டியது.

“வேடிக்க பாக்கறியா? அவன் சாகறதப் பத்தி நான் பேசல. அவன் இன்னிக்கி செத்தா நீதான் கொன்னேன்னு உன்ன உள்ள தூக்கி வெப்பாங்க. அப்பறம் எனக்குன்னு யாருண்ணே இருக்கா? அவன வெளிய எடு!”

நேற்றுவரை ‘அவரு’ என்றுதான் சொல்வாள்.

ஷாக் ஓடினான். எமர்ஜென்சி பட்டனை விடுவித்து, மேலே தூக்கும் பட்டனை அழுத்தினான். மோட்டார் உறுமியது; பலகை ஏறவில்லை. வால்வைக் கையால் தள்ளிவிடலாம். ஆனால் வால்வுக்கு மேல் மூடி, மூடிக்கு நான்கு திருகாணி. பேனலைத் திறந்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லா ஒயரும் செப்புத் தொப்பியோடு நிற்க, ஒன்று மட்டும் பிளாஸ்டிக் உறையோடு கழுத்துவரை புதைந்து நின்றது. எமர்ஜென்சியை மறுபடி அடித்துவிட்டு அதைப் பிடித்து இழுத்தான். இப்போது இழுத்தான். வரவில்லை. பிளாஸ்டிக்கை ஸ்பிரிங் நாய்போலக் கவ்வியிருந்தது.

ஒயரைப் பாதியில் பல்லால் கடித்தான். ஆட்டி ஆட்டிக் கடித்ததில் நேற்றே ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஒன்று ஒயருக்கு முன்னால் போய்விட்டது. ரத்தத்தோடு துப்பிவிட்டு, அறுந்த நுனியை உரித்து, பக்கத்துத் துளையில் தள்ளினான். தொப்பியில்லாத இழைகள் துடைப்பம்போல் விரிந்தன. ஸ்பிரிங் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டுமென்றால் பள்ளத்தில் ஏதாவது தட்டையான முனையை வைத்து அமுக்க வேண்டும்.

“ஸ்குரூடிரைவர்! யார்கிட்டயாவது இருக்கா?”

ஒருவரிடமும் இல்லை. திட்டம் முழு வெற்றி.

“ஸ்டோர் சாவி?”

“ஸ்டோர்காரர் பல் டாக்டர்கிட்ட போயிருக்காரு. சாவி அவர் பையில.”

இரண்டாவது சட்டம் வெடித்தது. மாப்பிள்ளையின் அலறல் நின்று, ஊதல்போல மூச்சு மட்டும் வந்தது. ஷாக் வரவேற்பறைக்கு ஓடினான்.

கண்ணாடிப் பெட்டியின் முன்னால் தலைமையுரை கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

“நில்லு. போலீசுக்குச் சொல்லியாச்சு, இது விபத்தில்ல, கொலை. நீ பேனலத் தொடக்கூடாது. நீ நேத்து சொன்னத நானே காதால கேட்டேன். அந்தப் பேனல் இப்ப தடயம்.”

“சார், அந்த ஆளு நசுங்கறான். அத எடுங்க.”

“இது நம்ம ஆலையோட சின்னம். இத உடைக்கறதுங்கறது, ஒரு கொள்கையையே…”

கொள்கையின் முடிவு தெரியவில்லை. ஷாக்கின் நெற்றி அவர் மூக்கில் இறங்கியது. வெள்ளரிக்காய் ஒடிவதுபோல் சத்தம். அவர் பெட்டியின் காலடியில் உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கம் சிவப்பாக மாறுவதை ஆச்சரியத்தோடு பார்த்தார். ஒரு துளியல்ல, நிறையவே இருந்தது. ஷாக் முஷ்டியால் கண்ணாடியைக் குத்தினான். முதல் குத்தில் கை கிழிந்தது, இரண்டாவதில் கண்ணாடி. உள்ளே கையை விட்டுத் தங்க ஸ்குரூடிரைவரைப் பிடுங்கினான்.

முனையைப் பார்த்தான். உருண்டையாக இருந்தது.

“என்ன சார் பண்ணீங்க இத?”

தலைமையுரை மூக்கைப் பிடித்தபடி, தரையிலிருந்து பதில் சொன்னார்: “பாதுகாப்புக்காக… முனையத் தேச்சு… மழுக்கச் சொன்னேன்.”

ஷாக் அதை அவர் தலைக்கு மேலே சுவரில் எறிந்தான். அவரைக் கொல்ல அவனுக்கு நேரமில்லை. பெட்டியின் அடியில் பித்தளைத் தகடு மட்டும் மிச்சமிருந்தது. மெல்லியது, மூலை கூரானது. இரண்டு விரலை அதன் அடியில் கொடுத்து இழுத்தான். பசையோடு ஒட்டியிருந்தது, நகம் ஒன்று பெயர்ந்து தகட்டோடு வந்தது.

திரும்பி வரும்போது லோடுமேன்கள் கடைசிச் சட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கை மண்டிபோட்டு, அட்டைக் கட்டின் ஓரத்தை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். அட்டைக்குள் மாட்டியிருந்த கட்டுக்கம்பி கிழித்து, முழங்கைவரை ரத்தம். மாப்பிள்ளையின் கண் மேலே செருகியிருந்தது.

ஷாக் தகட்டின் மூலையைப் பள்ளத்தில் வைத்து உடம்பு எடை முழுவதையும் கொடுத்தான். தலைமையுரையின் பெயர் எழுதியிருந்த பக்கம் அவன் உள்ளங்கைக்குள் புதைந்தது. ஸ்பிரிங் வாயைத் திறந்தது. பழைய துண்டு வெளியே விழுந்தது. உரித்த இழைகளை முறுக்கி, அந்தத் துளைக்குள் இறக்கி, தகட்டை எடுத்தான். டிக்.

அவ்வளவு அவசரத்திலும் ஒரு இழு இழுத்துப் பார்த்தான். நின்றது.

“பட்டன விடுவிச்சிட்டு, மேல் பட்டன அமுக்கு!”

தங்கை அமுக்கினாள். மோட்டார் உறுமியது. கடைசிச் சட்டம் வெடித்துத் தெறித்து ஒரு லோடுமேனின் தாடையைக் கிழித்தது. பலகை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஏறியது.

மாப்பிள்ளையை இழுத்து வெளியே போட்டார்கள். வலது தோள் இருந்த இடத்தில் தோள் இல்லை. கை ஈரத்துணிபோல் பின்னால் கிடந்தது. சட்டைக்கு மேலே எலும்பின் முனை ஒன்று தெரிந்தது. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். அவனுக்கு நினைவு முழுதாகத் திரும்பிவிட்டது என்பது பேசியதும் தெரிந்தது.

“அண்ணனும் தங்கச்சியும்… சேந்து பண்ணீங்கல்ல?” இடது கை, பழைய ஸ்குரூடிரைவர்த் தழும்போடு, எழும்பி அவளைச் சுட்டியது. “வீட்டுக்கு வாடி. இந்த ஒரு கை போதும் எனக்கு.”

ஷாக்கின் முஷ்டி தானாக மூடியது; கண்ணாடிச் சில்லுகள் இன்னும் ஆழமாக இறங்கின. தங்கை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முந்தானையைக் கிழித்து அவன் கையில் சுற்றத் தொடங்கினாள். சுற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், கீரை விலை பேசுவதுபோல் சொன்னாள்:

“விடுண்ணே. இத்தன பேரு பாக்க, பல்லு போயி, கை கிழிஞ்சி, இவனக் காப்பாத்திட்ட. இனிமே இவனுக்கு எப்ப என்ன ஆனாலும் உன்ன யாரும் கேக்க மாட்டாங்க.”

முடிச்சைப் போட்டாள்.

“என்னையும் யாரும் கேக்க மாட்டாங்க.”

மாப்பிள்ளையின் காதில் அது விழுந்தது. சுட்டிய விரல் அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்த்தான், திறந்து கிடந்த இயந்திரத்தைப் பார்த்தான், சிவப்பும் பச்சையுமாக மின்னிய பட்டன்களைப் பார்த்தான், அவற்றிலிருந்து அவள் நின்ற தூரத்தைப் பார்த்தான். அது ஒரு கை நீளம்தான். விரல் மடங்கியது. கை நெஞ்சின் மேல் இறங்கியது. கல்யாணமாகி முதல் முறையாக, மனைவி பேசி முடித்த பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸும் போலீசும் ஒன்றாக வந்தன. போலீஸ்காரர் யார் கொலைகாரன் என்று கேட்டார். லோடுமேன்கள், நேற்று எதையுமே கேட்டிராத முகங்களோடு, “கொலையா? இவன்தான் சார் காப்பாத்தினான்” என்று ஷாக்கைக் காட்டினார்கள். தாடை கிழிந்தவர், பேச முடியாததால், பலமாகத் தலையாட்டினார்.

மூக்கில் கைக்குட்டையோடு தலைமையுரை வந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்து, தொண்டையைச் செருமினார். பேசத்தான் வந்தார். ஆனால் மூக்கு உடைந்தால் ‘பாதுகாப்பு’ என்ற வார்த்தை வராது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிய டிரைவர் கேட்டார்: “பேஷண்ட் கூட வர்ற சொந்தம் யாரு?”

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் அட்டைத் தூசியைப் புடவையிலிருந்து தட்டினாள்.

“இவரு வருவாரு” என்று மேலாளரைக் காட்டினாள். “அந்த ஒயர சொருகினது இவருதான். மூக்குக்கும் மருந்து போட்டாப்ல இருக்கும்.”

தலைமையுரை ஏறினார். கதவு மூடியது. கடைசியாகத் தெரிந்த மாப்பிள்ளையின் கண் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை.

“நீ எங்க போற இப்ப?” என்றான் ஷாக்.

“வீட்டுக்கு. என் துணியெல்லாம் அங்க இருக்கு. பூட்ட உடைக்கணும், சாவி அவன் பையில போயிடுச்சு. நீயும் வா.” இரண்டடி நடந்தவள் திரும்பினாள். “பூட்ட மட்டும்தான்ணே உடைக்கணும். வேற எதையும் இல்ல.”

ஷாக் தலையாட்டினான். கையில் சுற்றிய துணிக்கு வெளியே, விரல் முட்டியில் ஒரு கண்ணாடிச் சில்லு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மிச்சமிருந்த பற்களால் கவ்வி இழுத்துத் துப்பினான். கருவி எதுவும் தேவைப்படவில்லை.